ஒரு குத்துக்குப் பிறகு

மாதர் சங்கக் கட்டடத்தில் பெண்களுக்குத் தற்காப்புப் பழக்க ஒரு பெண் டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வந்தார். முதல் நாள் அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. எங்களைப் பாயில் இருத்தி, வீட்டுக்கு எந்த வழியால் போவீர்கள், அந்த வழியில் எந்த வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

சண்டை ஓய்ந்து அதிக காலமாகவில்லை. எங்கள் வவுணதீவுப் பக்கம் யார் எந்த வழியால் போகிறார்கள் என்று விசாரித்து வந்தவர்களால் நல்லது நடந்ததாக எனக்கு நினைவில்லை. கோயில் ரோட்டால் போவேன் என்று பொய் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் கிள்ளினாள்.

"என்னகா, எப்ப வீடு மாறின நீ?"

உண்மையான வழி, வயல் வட்டைக்குள்ளால் வந்து மதகைத் தாண்டி வாவிக்கரையால் போவது. டியூசன் முடிந்து என் மகள் இருட்டுகிற மம்மல் பொழுதில் தனியே வருகிற வழியும் அதுதான். பெண்களைப் பிடிக்க யாரோ ஒருவன் பற்றைக்குள் ஒளிந்து நிற்கிறான் என்று அப்போது ஊரெல்லாம் கதை. யாரென்று தெரியாததால் நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன்.

மகளுக்குப் பயமே இல்லை. அவள் பள்ளிக்கூட மைதானத்தில் கராத்தே பழகி, போட்டியில் வென்ற கப் டிவிக்கு மேலே இருந்தது. அவளுடைய மாஸ்டரிலும் எனக்குச் சந்தேகம்தான். இவ்வளவு ஒழுங்காக உதைக்க இவர் சண்டைக் காலத்தில் எந்தப் பக்கத்தில் நின்று பழகியிருப்பார்?

"அங்க என்னம்மா பழக்கினவ?" என்றாள்.

"கத்தச் சொன்னவ. கடிச்சிட்டு ஓடச் சொன்னவ."

"ஓடுறதுக்கு ஒரு வகுப்பா? எங்கட போட்டியில கடிச்சா வெளிய போட்டிருவாங்க."

கப்பை நம்பி எனக்கு நித்திரை வரவில்லை. ஒருநாள் பின்னேரம் என் மனுசன் உடுக்கிற பழைய சாரத்தை எடுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டு மதகடிப் பற்றைக்குள் போய் நின்றேன். அந்த இடத்தில் சேறு. சைக்கிளை உருட்டித்தான் வர வேண்டும். அவள் வந்ததும் பின்னால் போய்த் தோளைப் பிடித்தேன்.

திரும்பி ஒரு குத்து. மூக்கில் இரத்தம் வந்துவிட்டது. கராத்தேயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குத்தியவள் உடனே இரண்டடி பின்னால் துள்ளி, கைகளை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. பின்னால் பாதை வெறுமையாகக் கிடந்தது, ஓடவுமில்லை. எதற்கோ காத்திருப்பவள்போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பின்னலைப் பிடித்தேன்.

"அம்மா" என்று அலறினாள்.

"அம்மாதான்," என்றேன்.

"உங்களுக்கென்ன விசரா?"

"குத்தினது சரி. பிறகு ஏன் நிண்ட நீ?"

யோசித்துவிட்டுச் சொன்னாள். "புள்ளி எடுத்தா நடுவர் நிப்பாட்டுவார். பிரிஞ்சு நிக்கணும். அப்படியே பழகிட்டு."

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குப் போட்டிச் சட்டமெல்லாம் தெரியாது.

"இங்க ஆருகா நடுவர்? வட்டைக்க மேயிற மாடா?"

சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது எனக்கு மச்சாள்தான் கண்ணுக்குள் நின்றாள். சுனாமி அன்று, அப்போது நாங்கள் இருந்த கல்லடியில் முதல் அலை வடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குள் திரும்பிப் போனாள். அடையாள அட்டை எடுக்க. அது இல்லாமல் ஆமி மறித்தால் என்ன சொல்வது என்று எங்களுக்கு அலையைவிட அந்தப் பயம்தான் பெரிது. அடுத்த அலை அவளை விடவில்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் வாவிக்கு இந்தப் பக்கம் வந்து குடியேறினோம்.

அடுத்த வகுப்புக்கு மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். வட்டை, மதகு, வாவிக்கரை என்று உண்மையான வழியைச் சொன்னேன். மதகுக்கு அங்கால் எருமை வளர்க்கிற வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் என்றும் சொன்னேன்.

"போன கிழமை கோயில் ரோட்டெண்டு சொன்னீங்க," என்றார் அவர்.

"ஓம்."

என் வீங்கிய மூக்கைப் பார்த்தார். மதகடியில் நின்று கத்தினால் அந்த வீட்டுக்குக் கேட்குமா என்று இன்றைக்கே போய்ப் பார்க்கும்படி மகளிடம் சொன்னார். மகள் தலையாட்டினாள்.

வகுப்பு முடிந்ததும் அவரை ஸ்கூட்டியடியில் மறித்தேன். "நீங்க எந்த வழியால வீட்டுக்குப் போவீங்க?"

"பாலத்தால."

"பாலம் தாண்டி?"

அவர் சிரித்தார். மிச்ச வழியைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அவரில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.