கொய்யாக் கம்பு வெடிக்குமா?

போன வாரம் எங்கள் குடியிருப்பில் கொய்யா மரத்தைக் கழித்தார்கள். பச்சை மரத்தை அறுக்கும்போது வரும் துவர்ப்பு வாசனை மூன்றாம் மாடி வரை ஏறி வந்தது. உடனே எனக்கு அப்பாவின் சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது. வாசனைக்கும் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வலியசாலைக்குப் பின்னால், மலையாளிகள் வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருந்தோம். எனக்கு டைப்பிஸ்ட் வேலை. கூட இருந்த பெண்கள் குரோஷா பின்னினார்கள். நான் மரம் செதுக்கினேன். தேக்குக்கும் ஈட்டி மரத்துக்கும் எங்கே போவது? யாராவது வேலி கழித்தால் போய்க் கேட்டு வாங்கி வருவேன். மருதாணி, செம்பருத்தி, கொய்யா, சாம்பை. ஆசாரிகள் இவற்றைச் சீண்ட மாட்டார்கள். காயக் காய வெடிக்கும். ஒருமுறை மருதாணியில் சீப்பு செய்து ஜன்னலில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரசத்துக்கு வருவதற்குள் 'டப்' என்றது. அப்பாவுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு.

"வயசாறதுக்கு முன்னாடியே பல்லு விழுந்துடுத்தேடி!"

அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்றது. அவருக்கு இடது பக்கம் வாதம் அடித்துவிட்டது. பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றார். இப்போதே நடக்காவிட்டால் கால் பழையபடி வராது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடையில் வாங்கிய அலுமினியத் தடியைக் கண்டாலே அப்பாவுக்குக் கோபம்.

"நான் என்ன நோயாளியோ? எடுத்துண்டு போ."

அம்மா சமையலறையில் சத்தமில்லாமல் அழுவாள்.

அதே கட்டிலுக்கு அடியில்தான் நான் ஒரு கொய்யாக் கிளையைக் காயப்போட்டிருந்தேன். முனைகளில் மெழுகு தடவி, சாக்கில் சுற்றி, பல மாதமாக நிதானமாகக் காய்ந்த கிளை. வேறு வழி தெரியாமல் அதை இழைத்து, எண்ணெய் பூசி அவரிடம் நீட்டினேன்.

தடவிப் பார்த்தார். "கொய்யாவா? வெடிச்சுடுமேடி."

"வெடிக்காதுப்பா."

"பாரம் வச்சா தாங்காது, நோக்கிக்கோ."

"வச்சுத்தான் பாருங்கோளேன்."

என்னைத் தோற்கடிக்கவே எழுந்தார் மனுஷர். முதலில் கூடம், பிறகு முற்றம். ஒவ்வொரு நடைக்கும் பிறகு கம்பை ஆவலோடு சோதிப்பார். ஒன்றும் ஆகவில்லை என்றால் முகம் வாடிப்போகும்; மறுபடி நடப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "வெடிச்சுடுத்து! வெடிச்சுடுத்து!" என்று கூவிக்கொண்டே சமையலறைக்குள் வந்தார். கைப்பிடிக்குக் கீழே மயிரிழைக் கீறல். அதைக் காட்டுவதற்காகக் கம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

அம்மாவும் நானும் கீறலைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கீறலில் பசை விட்டு நூல் சுற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தனியாகச் சந்தில் நடக்கக் கிளம்பினார். யாரும் கூட வரக் கூடாதாம். நான் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சாமி, எங்கோட்டா?" என்று ஒரு வேலிக்குப் பின்னாலிருந்து குரல், எங்கே போகிறீர்கள் என்று. "பதுக்கெ, பதுக்கெ", மெல்லப் போங்கள் என்று அடுத்த வேலியிலிருந்து இன்னொன்று. குரல்கள் வீடு வீடாகத் தள்ளிப் போயின. விழவில்லை, போய்க்கொண்டிருக்கிறார்.

பல வருஷம் நடந்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். போன மாதம் அந்தச் சந்து வழியாக வந்தேன். வேலி என்று ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் தலை தெரியாத மதில். முனை வரைக்கும் நடந்தேன். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.