தெல்மா துவைத்த கொடி

சட்டையைக் காலரைப் பிடித்து உதறி, மேசைமேல் அறைந்து விரித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டே திட்டுகிறாள் தெல்மா கில்ஃபெடர். திட்டு சட்டைக்கு அல்ல, சட்டைக்காரனுக்கு. "இவன் சாப்பிடுறானா, இல்ல சட்டைக்கு ஊட்டுறானா? பாரு, போன ஞாயித்துக்கிழமை கிரேவி இன்னும் இங்கயே குடியிருக்கு!" அடுத்தது பாதிரியாரின் வெள்ளை அங்கி. அவருக்கும் தள்ளுபடி கிடையாது. "மெழுகுவத்திய கையில பிடிக்கச் சொன்னா, மடியில வச்சுக்கிட்டாரு போல."

பக்கத்து ரொட்டிக்கடை என்னுடையது. இரண்டு கடைக்கும் நடுவே ஒரே சுவர். அவளுக்குக் கோபம் ஏறுவதையும் இறங்குவதையும் இஸ்திரிப் பெட்டி விழும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இறங்குவது அபூர்வம்.

அறுபதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு. நீராவி பட்டுப் பட்டு முழங்கை வரைக்கும் சிவந்த கைகள். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி. அவற்றைக் கடித்துக்கொண்டே பேசுவாள், ஒன்றுகூடக் கீழே விழாது. ரேடியோவில் பாட்டு வந்தால் விட்டுவிடுவாள், செய்தி வந்தால் காதைத் திருகி அணைத்துவிடுவாள். துணியைத் துவைக்கப் போடுமுன் ஒவ்வொரு பையையும் துழாவுவாள். ஜெபமாலை, குதிரைப் பந்தயச் சீட்டு, பாதி தின்ற சாக்லெட் எல்லாம் ஒரே கண்ணாடி ஜாடிக்குள் போகும். கேட்டு வருகிறவர்களிடம் ஜாடியைத் தள்ளிவிட்டு, "உங்க பாவத்தை நீங்களே பொறுக்கிக்கோங்க" என்பாள்.

வட அயர்லாந்தில் எங்கள் ஊரின் பெரிய தெரு மேட்டிலிருந்து ஆற்றை நோக்கி இறங்குகிறது. மேலே நாங்கள், கத்தோலிக்கர். கீழே அவர்கள், புராட்டஸ்டண்ட். நடுவில் தெல்மாவின் சலவைக்கடை. அவள் கீழ்த்தெருக்காரி என்றாலும், அழுக்கு விஷயத்தில் மட்டும் ஊர் ஒற்றுமையாக அவளிடம்தான் வரும். அவர்களுடைய புல்லாங்குழல் பேண்டின் ஊதா உடைகளும் எங்கள் ஐரிஷ் பாணிக் கால்பந்துக் குழுவின் பனியன்களும் அடுத்தடுத்த அலமாரியில் தொங்கும். மேல்தெரு அம்மாள் ஒருத்தி ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எங்க பிள்ளைங்க துணிய அவங்களோட துணியோட சேத்துப் போட மாட்டீங்கல்ல?" தெல்மா குண்டூசிகளை வெளியே எடுத்துவிட்டுப் பதில் சொன்னாள். "கவலையே வேண்டாம்மா. உங்க வீட்டு அழுக்குக்கு எப்படியும் தனி மெஷின்தான் வேணும்."

இரண்டு வருஷமாக ஊரில் ஒரே பேச்சு. வடக்கு தெற்கோடு சேர்ந்து ஒரே அயர்லாந்தாக வேண்டுமா, பிரிட்டனோடேயே இருக்க வேண்டுமா? வாக்கெடுப்பு வருமா, வராதா? வாராவாரம் பத்திரிகையில் ஒரு கருத்துக்கணிப்பு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கணக்கு. என் கடையில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் அந்தப் பேச்சையும் பிய்த்துப் பிய்த்துத் தின்பார்கள். "சேந்துட்டா, இப்ப இலவசமாப் பாக்குற டாக்டருக்குக் காசு குடுக்கணுமாம்ல?" என்பான் ஒருவன். "சொந்த வீட்டுக்குத் திரும்பப் போறதுக்கு எவனாவது கணக்குப் பாப்பானா?" என்று அடுத்தவன் எகிறுவான். "எனக்கு எந்தக் கொடியும் வேணாம், பென்ஷன் வந்தாப் போதும்" என்பாள் மூன்றாமவள். நான் சேர வேண்டும் என்கிற கட்சி. மறைக்கவே முடியாது, ஃபெர்கல் என்கிற கத்தோலிக்கப் பெயரைச் சொன்னதுமே இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெல்மா எந்தக் கட்சி என்று நானும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"என் ஓட்டு என் உள்பாவாடை மாதிரி, ஃபெர்கல். உள்ள ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். தூக்கிக் காட்டச் சொல்லாதே."

கருத்துக்கணிப்புப் பெண் ஒருத்தி கையில் டேப்லெட்டோடு அவள் கடைக்கே வந்துவிட்டாள். அன்று நான் அங்கே என் ஏப்ரன்களை வாங்கப் போயிருந்தேன்.

"நீங்க உங்களை யாருன்னு நினைக்கிறீங்க மேடம்? பிரிட்டிஷா, ஐரிஷா, வட ஐரிஷா?"

"துணி துவைக்கிறவ."

"அது இதுல இல்லைங்களே."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும், கண்ணு? ஸ்பெயினுக்குப் போறப்ப ரெண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுத்துட்டுப் போவேன். எந்த வரிசை சின்னதோ அந்த ஊர்க்காரி. அப்படி எழுதிக்கோ."

"சரி, வாக்கெடுப்பு நாளைக்கே நடந்தா…"

"நாளைக்கு எனக்குக் கல்யாண வீட்டுத் துணி இருக்கு."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டு எதையோ தட்டினாள். தெல்மா எட்டிப் பார்த்தாள். "தெரியாது" என்று இருந்தது. இஸ்திரிப் பெட்டி மேசையில் இடி மாதிரி விழுந்தது. "தெரியாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? உனக்குச் சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?" பெண் நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

இனி கொடிக்கு வருகிறேன். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூலை ஊர்வலத்துக்குக் கீழ்த்தெருவின் விளக்குக் கம்பங்களில் எல்லாம் பிரிட்டிஷ் கொடி ஏறும். ஏற்றுவதற்கு ஏணியோடு பத்துப் பேர் வருவார்கள். இறக்குவதற்கு ஒருத்தன் வரமாட்டான். மழையிலும் லாரிப் புகையிலும் கிடந்து, பிப்ரவரிக்குள் அது சாம்பல் நிறக் கந்தலாகிவிடும். அப்படி ஒரு கந்தல் தெல்மா கடை வாசலிலேயே தொங்கியது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று வாழ்கிறவள் அவள். நாள் முழுக்க ஜன்னலுக்கு நேரே அந்தக் கோலம். ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள், கம்பம் எங்களுடையது இல்லை என்றார்கள். கம்பத்துக்காரர்களோ கொடி எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில், தொட்டால் மக்கள் மனம் புண்படும் என்று மெதுவாகச் சொன்னார்கள்.

"தொட்டா புண்படுமாம், நாறினா புண்படாதாம்!" என்று என் கடைக்கே வந்து கத்தினாள். "எங்கப்பா சவப்பெட்டி மேல போத்தின கொடி அது, ஃபெர்கல். மூக்குத் துடைக்கிற துணி இல்ல."

ஏற்றியது பேண்டுத் தலைவன் வெஸ்லி பர்ன்சைட். கீழ்த்தெருவில் டயர் கடை வைத்திருக்கிறான், அங்கே அவன் சொன்னால் சொன்னதுதான். அவனிடமும் பலமுறை சொன்னாள். "பாக்கலாம் தெல்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் தெல்மா ஏணியைக் கொண்டுவந்து கம்பத்தில் சாய்த்தாள். காற்று பலமாக இருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளவா என்று கேட்டேன்.

"நீ ஏணியத் தொட்டா நீதான் இறக்குனேன்னு சொல்லுவானுங்க. அறிவிருக்கா? உள்ள போ!"

உள்ளே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் தனியாக ஏணி ஏறுகிறாள், அவள் விழாமல் பிடித்துக்கொள்ள பக்கத்துக் கடைக்காரனுக்கு உரிமை இல்லை. இந்த ஊரை எதால் அடிப்பது? அவள் கயிற்றைக் கத்தரியால் நறுக்கி, கந்தலைத் தோளில் போட்டுக்கொண்டு பத்திரமாக இறங்கினாள். எதிர்ச்சாரியில் யார் யாரோ போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாள் காலையில் அவள் கடைக் கதவில் கறுப்புப் பெயிண்டில் "லண்டி" என்று எழுதியிருந்தது. துரோகிக்கு அவர்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வருஷா வருஷம் அந்தப் பெயருக்குப் பொம்மை செய்து கொளுத்துகிறார்கள். அந்த வாரம் வர வேண்டிய பேண்டு உடைகள் வரவில்லை. கீழ்த்தெருத் தேவாலயத்தின் மேசைவிரிப்புகள் வேறு ஊருக்குப் போயின. வாக்கெடுப்பு வந்தால் தெல்மா எந்தப் பக்கம் போடுவாள் என்று தெரிந்துவிட்டதாம். பாதி ஊரின் துணி போய்விட்டால் அந்தக் கடை நிற்காது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கீழ்த்தெருவுக்கும் நன்றாகத் தெரியும்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எங்கள் பக்கத்திலிருந்து வந்த இடி பூங்கொத்தோடு வந்தது. மேல்தெருக் கவுன்சிலர் ஒருவர் படமெடுக்க ஆளையும் கூட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நுழைந்தார்.

"தைரியமான காரியம் பண்ணியிருக்கீங்கம்மா. மாற்றம் ஆரம்பிச்சிடுச்சு."

"என்ன மாற்றம்?"

"உங்க ஆளுங்களுக்கே அந்தக் கொடி வேணாம்னு ஆயிடுச்சே. ஒரே அயர்லாந்துன்னு மனசு…"

"மனசா? அழுக்கா இருந்துச்சு, எடுத்தேன். நீங்க போன ஈஸ்டருக்கு மேல்தெருவுல கட்டுனீங்களே, பச்சை வெள்ளை ஆரஞ்சு அயர்லாந்துக் கொடி, அது என்ன கதியில தொங்குதுன்னு போய்ப் பாத்தீங்களா? எது பச்சை, எது வெள்ளைன்னு உங்களாலயே சொல்ல முடியாது. முதல்ல அதை இறக்கித் துவைங்க. அப்புறமா வந்து என் மனசைத் தேடுங்க!" பூங்கொத்தை அவர் கக்கத்தில் திணித்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

என் கடையிலும் அதே கதைதான். "தெல்மா இப்ப நம்ம பக்கம்" என்று தேநீர் குடித்துக்கொண்டே வாக்கு எண்ணினார்கள். ஒரு பெண்ணின் சோறு போய்க்கொண்டிருக்கிறது, இவர்களுக்கு ஒரு வாக்கு கூடிவிட்டதாம். அன்று இரண்டு பேரை ரொட்டி கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்குச் சோடா ரொட்டி கொண்டுபோனபோது வெஸ்லி உள்ளே வந்தான். டயர் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறான். மணிக்கட்டு வரைக்கும் கிரீஸ் மை. வெளியே காரில் இரண்டு பேர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வெஸ்லி என்னை ஒருமுறை பார்த்தான். தெல்மா, "அவன் இருக்கட்டும்" என்றாள்.

"கொடியக் குடுங்க தெல்மா."

"திரும்ப ஏத்தப் போறியா?"

"ஏத்தித்தான் ஆகணும். வாக்கெடுப்பு வரப்போற நேரம், நம்ம ஆளுங்க ஒத்துமையா நிக்கணும். ஏத்துறப்ப நீங்களும் கம்பத்துக்குக் கீழ வந்து நில்லுங்க. தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை, ஒரு படம். அவ்வளவுதான். திங்கக்கிழமை பேண்டு உடை எல்லாம் வந்துடும். மேசைவிரிப்புக்கும் நான் பொறுப்பு."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா நீங்க எந்தப் பக்கம்னு ஊர் முடிவு பண்ணிக்கும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கடைய நினைச்சுப் பாருங்க."

அவன் மிரட்டவில்லை. அவளுக்கு உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டு பேசினான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இஸ்திரிப் பெட்டி இப்போது மேசையில் விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. தெல்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்திவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் கொடி இருந்தது. விரித்துக் காட்டினாள். சிவப்பு சிவப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருந்தது. கிழிந்துபோன ஓரத்தை நறுக்கிவிட்டுப் புதுப்பட்டை வைத்து, கண்ணுக்குத் தெரியாத தையலாகப் போட்டிருந்தாள். என் கொடி இல்லை அது. வாழ்நாளில் அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதில்லை. ஆனாலும் இப்படித் துவைத்த துணியை நான் எங்கும் கண்டதில்லை.

"தெரியாமப் பண்ணலை, வெஸ்லி. தெரிஞ்சுதான் பண்ணுனேன்" என்றாள். "உனக்கு இது கம்பத்துல தொங்குனாப் போதும். எப்படித் தொங்குதுன்னு ஒருநாளாவது அண்ணாந்து பாத்தியா? எந்தப் பக்கம்னு என்னைக் கேக்க வந்துட்டே!"

அவன் கொடியை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினான்.

தெல்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். கொடியை மடித்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். மற்றொரு கையால் மூலையிலிருந்த தொட்டிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, சோப்பை எடுத்து அவனிடம் நீட்டினாள்.