ரெண்டு நோட்டிலும் பதினொன்றாவது

ரேடியோ நிலையத்தில் போன் எடுக்கிற வேலை என்றதும், நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: போன் இருக்கிற அறையில் பாட்டே கேட்காது. பாட்டு ஓடுகிற அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே கனத்த கண்ணாடி. அந்தப் பக்கம் வாய் அசைவது தெரியும், அவ்வளவுதான். இந்தப் பக்கம் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். முகம் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்லியே பொழுதை ஓட்டுகிற வேலையா உங்களுக்கும்? அப்படியானால் பக்கத்தில் உட்காருங்கள், சொல்கிறேன்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். கணபதியில் எங்கள் வீட்டில் விளக்கு வைத்து, சாமி கும்பிட்டு, சமைத்து முடித்தால் காலை ஒன்பது மணிக்கே அன்றைய வேலை தீர்ந்துபோகும். பீளமேட்டில் ஒரு கல்லூரி நடத்துகிற சின்ன ரேடியோவில் இந்த வேலை கிடைத்தபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அதுவரை என் வீட்டில்கூட எனக்கென்று ஒரு நாற்காலி இருந்ததில்லை. இங்கே கொடுத்தார்கள், அதுவும் சுற்றுகிற நாற்காலி. நேயர்கள் போன் செய்து, ஒவ்வொரு பத்தாண்டிலும் தங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று சொல்ல வேண்டும்; நான் எழுதிக்கொள்ள வேண்டும். அறுபதுகளில் தொடங்கி ஆறு பத்தாண்டு, ஆறு நோட்டு. மூன்று மாதம் முடிந்ததும் பத்தாண்டுக்குப் பத்துப் பாட்டு என்று பட்டியல் வாசிப்பார்கள். நிகழ்ச்சிக்குப் பொறுப்பான நிவேதா மேடம் என் மகளைவிடச் சின்னவர். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “அம்மா, புகார் இல்லாம பட்டியல் வந்துச்சுன்னா உங்களையே வெச்சுக்குவோம். புகார் வந்துச்சுன்னா அடுத்த தடவை இந்தப் போனே வேண்டாம், எல்லாரும் மொபைல்ல ஃபார்ம் நிரப்பிக்கட்டும்.”

போனுக்கு அடியில் ஒரு சின்ன முருகன் படம் வைத்தேன். அன்றிலிருந்து மணி அடிக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

பட்டறைக் கச்சேரி

முதல் வாரமே ஒருவர் என்னைப் போனில் பிடித்துக்கொண்டார். எங்கள் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறாராம். பாட்டின் பெயர் தெரியாது, படம் தெரியாது, ஒரு வரிகூடத் தெரியாது. ஆனால் எழுபதுகளிலேயே அதுதான் முதல் பாட்டு, அதில் சந்தேகமே இல்லையாம். “நான் ராகம் போடறனுங்க, நீங்க கண்டுபுடிச்சு எழுதிக்கோங்க” என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாமி பாட்டு. மூன்று தடவை ராகம் போட்டார். மூன்று தடவையும் மூன்று பாட்டாகக் கேட்டது.

போதாக்குறைக்குப் பின்னால் இரும்பைக் கடைகிற சத்தம், பல் கூசுகிறது. வரிசையில் இன்னும் எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ என்று எனக்குப் பதைப்பு. “கொஞ்சம் மெசினை நிறுத்திப்போட்டுப் பாடுங்களேன், கேக்கவே மாட்டேங்குது” என்றேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது.

“மெசினை நிறுத்தினா தாளம் போயிருமுங்க அம்மணி.”

ஒரு போன், ஒரு ஓட்டு

ஒரு போனிலிருந்து ஒரு பத்தாண்டுக்கு ஒரு பாட்டுத்தான். இது விதி. துடியலூரிலிருந்து ஒருவர் அறுபதுகளுக்கு ஒரு சோகப் பாட்டைச் சொன்னார். நான் எழுதி முடிப்பதற்குள் போன் கை மாறியது. “அதை அடிச்சுப்போடுங்க. அந்தப் பாட்டைப் போட்டா ஊடே எழவு விழுந்த ஊடு மாதிரி ஆயிருதுங்க” என்று ஒரு பெண் குரல், வேறு பாட்டைச் சொன்னது. அடித்து எழுதினேன். போன் மறுபடி கை மாறியது. மறுபடி அடித்து எழுதினேன். நோட்டில் அந்தப் பக்கம் கோழி கிளறின குப்பை மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில், “வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டுக் கூப்பிடுங்க” என்றேன். நல்லது சொன்னதாகத்தான் நினைத்தேன். அந்தம்மா விட்ட மூச்சு போனிலேயே என் காதைச் சுட்டது.

“பொழுதுக்கும் டிவி ரிமோட்டு அவருகிட்டத்தானுங்க இருக்குது. ஓட்டாச்சும் எனக்குக் குடுங்க.”

மீட்டிங்கில் இருந்தவர்

சரவணம்பட்டியிலிருந்து ஒரு தம்பி ரகசியக் குரலில் கூப்பிட்டார். ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறாராம். கம்ப்யூட்டருக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. ஒரு பாட்டுப் போதும் என்று எவ்வளவு சொல்லியும், இரண்டாயிரத்துப் பத்துகளுக்கு வரிசையாகப் பத்துச் சொல்லுவேன், நீங்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அடம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுநடுவே ‘சார், சார்’ என்றும் வந்தது.

சாயங்காலம் நோட்டைப் புரட்டிய நிவேதா மேடம் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

“அம்மா, ‘திங்கக்கிழமை டெலிவரி பண்ணிடறேன் சார்’ங்கறது எந்தப் படத்துல வருது?”

நோட்டுக்காரரும் படப்பெட்டிக்காரரும்

இதெல்லாம் சில்லறைத் தலைவலி. நிஜத் தலைவலி இரண்டு பேர். ஒருவர் வரதராஜன், பீளமேட்டுக்காரர்; மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் படம் எந்த வருசம் வந்தது என்று ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். இன்னொருவர் சின்னச்சாமி, அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம். இரண்டு பேருக்கும் ஒரே பாட்டுத்தான் உயிர். ஊஞ்சல் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயரை நான் எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் போனை எடுத்துவிடுவீர்கள். வரதராஜன் அதை எழுபதுகளில் எழுதச் சொன்னார். சின்னச்சாமி எண்பதுகளில் எழுதச் சொன்னார். படம் எழுபதுகளின் கடைசியில் வெளியானதாம். டவுனில் ஓடி ஓய்ந்து, தேய்ந்துபோன படப்பெட்டி அன்னூர்ப் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது எண்பதுகள் பிறந்துவிட்டனவாம்.

“படம் வெளியான வருசந்தானுங்க கணக்கு” என்று சுவரில் ஒட்டியிருந்த விதியைச் சின்னச்சாமிக்கு வாசித்துக் காட்டினேன். “படத்துக்கு முந்தியே ரேடியோவுல கேட்டிருப்பீங்களே?” என்றும் கேட்டேன். “ரேடியோவுல கேக்கறதுக்கு ரேடியோன்னு ஒண்ணு வேணுமில்லீங்க” என்றார். அதற்குமேல் அந்த மனுசரிடம் எப்படி மறுத்துப் பேசுவது? “சரிங்க” என்று எண்பதுகள் நோட்டில் எழுதிவிட்டேன். அவரை விட்டால் புளியம்பட்டி, அவிநாசி என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்த அத்தனை பேரும் அதே கதை. அத்தனை பேருக்கும் “சரிங்க.” டவுன்காரர்கள் எழுபதுகள் என்றார்கள். அவர்களுக்கும் “சரிங்க.”

வாரம் தவறாமல் இரண்டு பேரும் கூப்பிட்டு, மற்றவர் என்ன சொன்னார் என்று விசாரிப்பார்கள். நான் நடுவில் தபால்காரி. ஒருவர்கூட மரியாதை குறைந்து பேசினது கிடையாது, அதுதான் இன்னும் கொடுமை. சின்னச்சாமி சொன்னதை வரதராஜனிடம் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லிப்போட்டு, எனக்குத் தெரிஞ்ச நல்ல காது டாக்டர் ஒருத்தர் இருக்காருன்னும் சொல்லிருங்க.”

பட்டியல் வந்தது, பாட்டு வரவில்லை

மூன்றாம் மாதக் கடைசி ஞாயிறு காலை, குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு நிலையத்துக்குப் போனேன். பட்டியல் வாசித்து முடித்த அடுத்த நிமிடம் போன் வெடித்தது. ஊஞ்சல் பாட்டு எழுபதுகளில் இல்லை. எண்பதுகளிலும் இல்லை. மூன்று மாதமாக ஊரே சொன்ன பாட்டு எங்குமே இல்லை. டவுனும் அன்னூரும் ஒரே குரலில் திட்டின. என்னால் படத்திலிருந்த முருகனைக்கூடப் பார்க்க முடியவில்லை.

நிவேதா மேடம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து எண்ணினார். எழுபதுகளில் அது பதினொன்றாவது. எண்பதுகளிலும் பதினொன்றாவது. எல்லா ஓட்டும் ஒரே நோட்டில் இருந்திருந்தால் எந்த நோட்டானாலும் அதுதான் முதல். பட்டியலோ பத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு திருத்திய பட்டியல் வாசிக்க வேண்டும், அதிலும் புகார் வந்தால் ஃபார்ம்தான் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். சொல்லும்போதே என் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றியது மாதிரி இருந்தது. மேடம் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆச்சரியமாகக் கேட்டார்.

“அம்மா, நீங்க வாழ்க்கைல யாருக்குமே ‘இல்லீங்க’ன்னு சொன்னதே இல்லியா?”

விட்டுக்கொடுத்தார்கள், தீர்ந்தேன்

இரண்டு பேரில் ஒருவர் இறங்கி வந்தால் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை வரதராஜனைக் கூப்பிட்டேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, “எம்பதுலயே போட்டுருங்க” என்றார். படம் வெளியானபோது அவருக்கு மில்லில் வேலை நெருக்கடி, போக முடியவில்லையாம். அவரே அந்தப் படத்தை எண்பதுகளில், இரண்டாம் தடவை வந்தபோதுதான் பார்த்தாராம். நோட்டில் மட்டும் வெளியான வருசம். “தப்பான நோட்டுல இருந்தாலும் சரி, எந்த நோட்டுலயும் இல்லாம இருக்கக் கூடாதுங்க” என்றார். குரல் இறங்கியிருந்தது. எனக்கும் மனசு இளகிவிட்டது. போனை வைத்துவிட்டு முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். அடுத்த மணி சின்னச்சாமி. “எழுபதுலயே போட்டுருங்க அம்மணி. அவரு பெரியவரு, நோட்டெல்லாம் போட்டு வெச்சிருக்காரு. நம்மூர்க்காரங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன், கூப்புடுவாங்க.” கூப்பிட்டார்கள். புளியம்பட்டி வரை கூப்பிட்டார்கள். அதே சமயம் வரதராஜனோடு காலையில் நடக்கிற கூட்டம் மொத்தமும் கூப்பிட்டு எண்பதுகளுக்கு மாற்றச் சொன்னது. பழையதை அடித்துப் புதிதாக எழுதி, வெள்ளிக்கிழமை எண்ணினேன். எழுபதுகளில் அதே பதினொன்றாவது. எண்பதுகளிலும் அதே பதினொன்றாவது. ஓட்டெல்லாம் வாய்க்கால் தாண்டி இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். தலையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரில் யாராவது ஒருவர் முன்னால் சொன்னதிலேயே நில்லுங்கள் என்று கெஞ்சினேன். அன்னூரிலிருந்து சொன்னதைக் கேளுங்கள்.

“அதெப்புடிங்க, குடுத்ததைத் திருப்பி வாங்கறது? நம்ம பக்கம் அந்தப் பழக்கம் கெடையாதுங்க.”

முதல் இல்லீங்க

சனிக்கிழமை மேடம் நோட்டுகளை என் முன்னால் வைத்து, “நீங்களே முடிவெடுங்க” என்று போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் முடிவெடுத்ததெல்லாம் சாம்பாரா ரசமா என்பதுதான், அதுவும் கேட்டுக்கொண்டுதான். கண்ணை மூடி உட்கார்ந்தேன். சுவரில் விதி இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. சின்னச்சாமியைத்தான் முதலில் கூப்பிட்டேன். பட்டியலில் அவர் முதலில் சொன்ன வருசம் தோற்கப்போகிறது, அதை என் வாயால்தான் சொல்ல வேண்டும்.

“இல்லீங்க” என்றேன். “இனி யாரு கூப்பிட்டாலும் மாத்த மாட்டேனுங்க. படம் வெளியான வருசந்தான் கணக்கு. நீங்க விட்டுக்கொடுத்தாலும் அதுதான், கொடுக்காட்டியும் அதுதான்.” எல்லா ஓட்டும் எழுபதுகளுக்கு. அடுத்து வரதராஜனுக்கும் அதையே மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் “சரிம்மா” என்று வைத்துவிட்டார். ஆனால் சின்னச்சாமி, நான் சொல்லி முடித்ததும் ரொம்ப அக்கறையாகக் கேட்டிருந்தார்:

“ஏனுங்க அம்மணி, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

முதலிடம்

ஞாயிறு காலை ஊஞ்சல் பாட்டு எழுபதுகளில் முதலாவதாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் எனக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இந்தப் பக்கம் போன் அடித்தது. சின்னச்சாமி. அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை, பின்னால் ரேடியோ வேறு. “மொதலா வந்துருச்சுங்க அம்மணி. ஆனா எடந்தான் தப்பு.” அவர் வைப்பதற்குள் வரதராஜன். எண்பதுகளில் போட்டிருந்தால் அன்னூர்க்காரர் சந்தோசப்பட்டிருப்பாரே என்று என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மத்தியானம் மேடம் வந்தார். நான் முருகன் படத்தை எடுத்துப் பையில் வைக்கத் தயாராக இருந்தேன். அவர் சிரித்தார்.

“ரெண்டே ரெண்டு புகார்தான் அம்மா, ரெண்டும் புகார் மாதிரியே இல்ல. அடுத்த மாசத்துலருந்து டூயட் பாட்டு வரிசை, படத்தை அங்கயே வைங்க.”

வேலை நிலைத்தது, நாற்காலி இன்னும் சுற்றுகிறது, ஆனால் மூன்று மாதம் நான் பேச்சு வாங்கின அந்தப் பாட்டு முதலிடத்தில் ஓடின நேரம் முழுக்க என் காதில் போன்தான் இருந்தது.