செத்தவீட்டில் பாடிய போன்

அக்கா செத்த அன்று, குருக்கள்மடத்து வீட்டில் தேவாரம் போட என்னுடைய போனைத்தான் வாங்கினார்கள். பக்கத்து வீட்டு அண்ணர் அதை ஸ்பீக்கரோடு இணைத்துப் பந்தலுக்குள் வைத்தார். காசு கட்டாமல் பாட்டுக் கேட்கிற செயலி அது. விளம்பரம் வரும்போதெல்லாம் அவர் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கும் நேரம் தோள் கொடுக்க அவரும் போய்விட்டார்.

அத்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கதறினார். அப்போது தேவாரம் நின்றது. ஒரு பெண் கொஞ்சுகிற குரலில், ஏழே நாளில் முகத்தைப் பளபளக்க வைக்கும் கிறீம் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் போய் ஸ்பீக்கரை நிற்பாட்டினேன்.

எட்டாம் நாள் சடங்கு கழிந்து வந்தாறுமூலைக்கு வேலைக்குத் திரும்பினேன். பஸ்ஸில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு செயலியைத் திறந்தால், மேலே ‘உங்களுக்காகவே’ என்று ஒரு தொகுப்பு. முதலாவது, அக்காவைக் குளிப்பாட்டும்போது ஓடிய தேவாரம். அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் பல. செத்தவீடு எனக்குப் பிடித்துவிட்டது என்று அது முடிவுகட்டியிருந்தது. யாரோ என் சோற்றுக் கோப்பைக்குள் கையை விட்டுப் பிசைந்துவிட்டு, இந்தா சாப்பிடு என்று நீட்டியதுபோல இருந்தது.

அக்காவும் எனக்குப் பாட்டுக் கொண்டுவந்து தந்தவள்தான். ஒருமுறை கல்முனை பஸ்ஸில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் இறங்கவேண்டிய இடம் வந்தது. அவள் இறங்கவில்லை. என்னையும் கையைப் பிடித்து இருத்தினாள். பாட்டு முடிந்து, பாடியவர் யாரென்று கண்டக்டரிடம் கேட்டறிந்து, களுவாஞ்சிகுடியில்தான் இறங்கினோம். வீட்டில் அம்மா ஏசித் தீர்த்தா. அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனாலும் அவள் பாடிப் பாடி, இன்றைக்கும் முழுதாகப் பாடம்.

வேலைக்குப் போன பஸ்ஸில் செயலி காட்டியதை அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

“அத அமத்திப் பிடிச்சு, பிடிக்கல்ல எண்டு குடுங்க. பிறகு வராது,” என்றார்.

அமத்தினேன். இந்தப் பாட்டுப் பிடிக்கவில்லையா, இந்தப் பாடகரைப் பிடிக்கவில்லையா என்று கேட்டது. அக்காவை அனுப்பிவைத்த தேவாரத்தை நான் என்னவென்று சொல்வது? செயலியையே அழித்துவிட்டேன்.

“அப்ப புதுப் பாட்டெல்லாம் எப்பிடித் தெரியவரும்?”

“தெரியாமலே இரிக்கட்டும்,” என்றேன்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கிழமை, மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தச் செயலிக்காரர்தான். ‘நீங்கள் இல்லாமல் எங்களுக்கு வெறுமையாக இருக்கிறது’ என்று எழுதி, பக்கத்தில் அழுகிற முகம் ஒன்றும் போட்டிருந்தார்கள். திரும்பி வந்தால் மூன்று மாதம் இலவசமாம்.

செதில் ஒட்டிய விரலாலேயே அதை அழித்துவிட்டு, மிச்ச மீனை வெட்டினேன்.