ஓட்டிவிட்ட பாட்டு

பிள்ளைகளே, செல்போனில் பார்க்கும் படத்தில் பாட்டு வந்தால் தள்ளி ஓட்டிவிடுவது நான் வேலை பார்க்கும் போர்வெல் வண்டியில் எல்லாருக்கும் பழக்கம். வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்புவதற்குள் படம் முடிய வேண்டும். பாட்டில் என்ன கதை இருக்கப் போகிறது? இந்தப் புத்தியோடுதான் என் மகளுக்கு உதவப் போனேன்.

அவள் சேலத்தில் காலேஜ் முதல் வருஷம், இங்கிலீஷ் இலக்கியம். தமிழ் மீடியத்திலிருந்து போனவள், வகுப்பில் வாயே திறந்ததில்லை. திங்கட்கிழமை எழுந்து நின்று ஒரு பழைய காதல் நாவலின் கதையைச் சொல்ல வேண்டும். முப்பது பக்கம் தாண்டுவதற்குள் அழுதுவிட்டாள். அந்த நாவலைத் தமிழில் படமாக எடுத்திருக்கிறார்கள், யாரும் அதிகம் பார்க்காத கறுப்பு வெள்ளைப் படம் என்று செல்போனில் தேடிப் பிடித்தது நான்தான்.

ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தோம். பேர் போட்டு முடிந்ததும் பாட்டு. அது போனால் இன்னொன்று. பேச்சை விடப் பாட்டுதான் அதிகம். பொறுமை போய், விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் கதாநாயகி, உன்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று கதாநாயகன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். ஒரு பாட்டைத் தள்ளினேன். பார்த்தால் அவனுக்காகவே வாசலில் காத்து நிற்கிறாள், பின்னால் வீட்டுப் பெரியவர் ஒருவர்.

“ஏனுங்கப்பா, எப்படி மனசு மாறுனா?”

“அந்தப் பெரியவர் மிரட்டியிருப்பாரு, சாமி. அவங்கப்பன்தானே. எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை அப்படியே சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். அந்தப் பெண்ணுக்கு அப்பாவே கிடையாது, அந்தப் பெரியவர் சித்தப்பா.

அன்று சாயங்காலம் தள்ளிய பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் பாட்டிலேயே அப்பாவைப் பாடையில் தூக்கிப் போகிறார்கள். வாசல் காட்சிக்கு முந்தைய பாட்டில் அவன் கடிதம் எழுதுகிறான், அவள் கிழித்துப் போடுகிறாள், பிறகு துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி வைத்துப் படிக்கிறாள். முக்கியமான எல்லாமே பாட்டில்தான் நடக்கிறது. இப்படியும் ஒருத்தன் படம் எடுப்பானா? அவனைச் சொல்லி என்ன, விரல் என்னுடையது.

டீச்சர் வெள்ளிக்கிழமை மறுபடி சொல்லச் சொல்லியிருந்தார். தப்பு என்னுடையது என்று காலேஜுக்கு வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாமுங்கப்பா. நானே படிச்சுக்கிறேன்.”

பஸ்ஸில், சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது எல்லாம் அந்தப் புத்தகம்தான். நான் பக்கத்தில் போனாலே மூடிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை நன்றாகச் சொன்னாளாம். அந்தக் கதாநாயகி மனசு எப்படித்தான் மாறியது, கடிதத்தில் என்ன இருந்தது என்று நானும் கேட்டுப் பார்க்கிறேன். புத்தகம் மேசை மேலேதான் இருக்குது, படிச்சுக்குங்க என்கிறாள். பத்தாவதோடு நின்றவனிடம் சொல்கிற பேச்சா இது? அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் முதல் பக்கமே தாண்டவில்லை.