கட்டிலுக்கடியில் ஒரு வில்

பஸ் பணிமனையில் கிழிந்த இருக்கைகளைத் தைக்கிறவளுக்கு அங்கே ‘ஊசி’ என்றுதான் பெயர். ஒல்லி உடம்பு, குத்தல் பேச்சு, இரண்டுக்கும் சேர்த்து யாரோ வைத்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு மத்தியானம் கேன்டீன் டிவியில் ஒரு பெண் வில்லை இழுத்து அம்பு விடுவதைப் பார்த்தாள். கையிலிருந்த சோறு காய்ந்துபோகும்வரை பார்த்தாள். அன்றே பழைய சாமான்கள் குவிந்து கிடக்கும் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டாள்.

உடைந்த மூங்கில் ஏணி ஒன்று அகப்பட்டது. அதைப் பட்டைகளாகப் பிளந்தாள். பஸ்ஸுக்கு அடியில் ஸ்பிரிங் பட்டைகளை நீளமானதன்மேல் குட்டை, அதன்மேல் இன்னும் குட்டை என்று அடுக்கியிருப்பார்களே, அதேபோல அடுக்கி, இருக்கை தைக்கிற மெழுகு நூலால் இறுக்கிக் கட்டினாள். மிச்ச நூலை முறுக்கினால் நாண். கைப்பிடிக்கு ரெக்சின் துண்டு. துணி காயப்போடும் ஸ்டாண்ட் ஒன்று உடைந்து கிடந்தது, அதன் குச்சிகள் அம்பாயின. பயணிகள் விட்டுப்போன குடைகளின் பித்தளை முனை அம்புக்குத் தலை. கொட்டகைக் கூரைப் புறாக்கள் இறகு உதிர்த்துக் கொடுத்தன.

இறகை அளவாக வெட்டத் தன் வீட்டுக்காரரிடம் போனாள். அவர் முடிதிருத்துகிறவர். கத்தரியை எடுத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“பின்னாடி ஒட்ட வெட்டவா, கொஞ்சம் விட்டு வெட்டவா?”

முதல் வில் நாணேற்றும்போதே படக்கென்று உடைந்து அவர் முழங்காலில் அடித்தது. இரண்டாவது வளைந்து கொடுத்தது. பட்டறை பூட்டியிருக்கும் விடுமுறை நாளில், பணிமனைப் பின்சுவரோரம் பழைய இருக்கைப் பஞ்சை மூட்டையாகக் கட்டி வைத்து எய்தாள். அம்பு கிளம்பியதென்னவோ நேராகத்தான். பாதி வழியில் மனசு மாறி இடதுபக்கமாகப் போய்விட்டது. எய்த அம்பெல்லாம் அப்படியே.

அந்தச் சமயம் பார்த்து சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். அவர் வீட்டில் தரை மாற்றுகிறார்கள், முடிகிறவரை இங்கே. மாப்பிள்ளையைப் பெற்றவர், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர், அதிர்ந்து பேசாதவர். அவருக்கு முன்னால் ஊசியின் குத்தலெல்லாம் மழுங்கிவிடும். வில்லும் அம்புகளும் அவசர அவசரமாகக் கட்டிலுக்கடியில் போயின.

மறுநாள் காலை கீழே விழுந்த கண்ணாடியைத் தேடிக் குனிந்த சம்பந்தியம்மா வில்லோடு எழுந்தார்.

“இது என்ன சம்பந்தி?”

“அது... துணி காயப்போடுற கம்புங்க.”

“துணி காயப்போடுற கம்புக்கு ஏன் நாண் கட்டியிருக்கு?”

ஊசி குனிந்து அம்புகளையும் வெளியே இழுத்துப் போட்டாள். சம்பந்தியம்மா ஓர் அம்பை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக் காம்பைச் சரிபார்ப்பதுபோல் நீளவாக்கில் பார்த்தார்.

“இது நேரா போகாதே.”

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“ஒரு இறகு இந்தப் பக்கம் வளையுது, மத்த ரெண்டும் அந்தப் பக்கம். வலது செருப்பையும் இடது செருப்பையும் கலந்து போட்டா யாருதான் நேரா நடப்பாங்க? ஒரே பக்கத்து றெக்கையில இருந்து எடுக்கணும்போல.”

அன்று சாயங்காலம் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மூட்டை இறகை வலம், இடம் என்று பிரித்தார்கள். பிரித்து முடிக்கிற நேரத்தில் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து மின்விசிறியைப் போட்டார்.

அடுத்த கணம் கூடம் முழுக்கப் புறா. மூக்குக்கண்ணாடியில் ஓர் இறகு, கொண்டையில் நாலைந்து, அப்படியே சிலைபோல உட்கார்ந்திருந்தார் சம்பந்தியம்மா. வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. விசிறியை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

“சம்பந்தி,” என்றார் சம்பந்தியம்மா, உதட்டில் ஒட்டிய இறகை ஊதிவிட்டு, “இப்ப நான் பறந்திருவேனா?”

ஊசி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. சம்பந்தியம்மாவும் குலுங்க ஆரம்பித்தார். கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து கட்டிக் காத்த மரியாதையெல்லாம் அந்த ஒரு சிரிப்பில் அவிழ்ந்து விழுந்தது. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்கினார். வீட்டுக்காரர் கடைசியில் தானே தரையில் அமர்ந்து இறகு பொறுக்கினார்.

அடுத்த விடுமுறையன்று மூவரும் பணிமனைக்குப் போனார்கள். புது இறகு ஒட்டிய அம்பை ஊசி இழுத்து விட்டாள். இந்த முறை அது மனசு மாறவில்லை. பொத்தென்று பஞ்சு மூட்டையில் ஏறி நின்றது. வில்லைப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மூட்டைவரை ஓடினாள். தொட்டுப் பார்த்தாள். திரும்பி ஓடிவந்தாள். காரணமே இல்லாமல் மறுபடியும் ஓடினாள்.

“மூச்சு வாங்கப்போகுது, உட்காருங்க. எங்கிட்ட கொடுங்க,” என்று சம்பந்தியம்மா வில்லை வாங்கிக்கொண்டார்.

அவர் நாணை இழுத்த நேரத்தில் ஊசியின் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் போனைத் திருப்பிக் காட்டினார். மகளின் முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

“அப்பா, அது அத்தையா?”

“ஆமாம்மா. கொஞ்சம் இரு, குறி பார்க்கிறாங்க.”

அம்பு ஊசியின் அம்புக்கு ஒரு விரல் பக்கத்தில் போய்க் குத்தியது. சம்பந்தியம்மா அலட்டிக்கொள்ளாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“அம்மாடி, பார்த்தியா? தரை காய இன்னும் நாளாகும்னு என் பையன்கிட்ட சொல்லிடு.”

தரை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அது மூவருக்கும் தெரியும்.