என் பேர் மட்டும் இல்லாத பக்கம்

போன வருஷம் பங்குனி வெயிலில் நடந்தது. கோவில்பட்டியில் எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து வத்தல், சேவு செய்து விற்கிறோம். மோர் மிளகாய் என் கைப்பக்குவம். கம்ப்யூட்டரில் அதற்கெல்லாம் ஒரு பக்கம் போடுகிற வேலையை என் ஓரகத்தியின் மருமகளிடம் கொடுத்துவிட்டார்கள். என் மருமகளும் அதே படிப்புதான். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது.

ஓரகத்தி சும்மா இருப்பாளா?

"அக்கா, ஒங்க மருமவ கம்ப்யூட்டர்ல ஒரு பேரைத் தெரிய வைக்க முழு வார்த்தையாக் கட்டளை எழுதுதாளாமே. எம் மருமவ மூணே குறியில சுருக்கமா முடிச்சிருதா."

பக்கம் தயாரானதும் எல்லாரும் கூடியிருக்க, போனில் அதைக் காட்டினார்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் கீழே செய்தவர் பேர். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்; ஆனாலும் என் பேர் தெரியாமல் போகுமா? மோர் மிளகாய்க்குக் கீழே வெறுமையாக இருந்தது.

"ஏட்டி, ஒங்க மாமியா சொல்லித்தான எம்பேர எடுத்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண் முகம் கறுத்துப் போயிற்று. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இங்கன பாருங்க பெரியத்தை. இதுல யாரு பேரும் கிடையாது. ஏழு எடத்துலயும் இந்தச் சுருக்கக் குறிதான். எல்லாரும் எழுதித் தந்த பேரு லிஸ்ட்ல என்ன இருக்கோ, அத அப்படியே எடுத்துக் காட்டும். ஒங்க எடம் லிஸ்ட்ல காலியாக் கெடக்கு."

ஒரு கோணல் கோடு, கேள்விக்குறி, சமக்குறி. ஏழு இடத்திலும் ஒன்றுபோலவே இருந்தன. பேர் எழுதச் சொல்லி அவள் தாளை நீட்டிய நாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கோணல் எழுத்தை ஓரகத்தி பார்த்துவிடக் கூடாதென்று, வீட்டில் எழுதித் தருகிறேன் என்று எழுந்து வந்திருந்தேன். பிறகு இரண்டு தடவை கேட்டாள். அவளிடம் கொடுக்க மனசு வரவில்லை.

"நீங்களே தாரேன்னு சொன்னீங்க. அதான் நானாப் போடல," என்றாள் மெதுவாக.

ஒரு தாளை வாங்கி, ஓரகத்தி பார்க்கப் பார்க்கவே எழுதிக் கொடுத்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் என் பேர் மிளகாய்க்குக் கீழே வந்து நின்றது.

அந்தப் பெண்ணைப் பார்த்தால் இன்றைக்கும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் யாரோ என்னை விட்டுவிட்டார்கள் என்று தோன்றும்போதெல்லாம், நான் தர வேண்டியதைத் தந்தேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.